கோடு இறங்கும்போது

பதினொரு வருஷமாக ராத்திரி ஷிப்டில் இரும்புத் தகட்டுச் சுருள்களுக்குப் பட்டை கட்டுகிறவனுக்குப் பகல் என்பது தூங்குவதற்கான நேரம். அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. அன்று காலை ஷிப்டு முடிந்ததும் புரொபசர் வீட்டுக்குப் போகவில்லை. கை கழுவிக்கொண்டு, பயிற்சிக் கட்டடத்து நடைவழியில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கண் எரிந்தது. கையில் ஒன்பதாம் நம்பர் டோக்கன்.

புரொபசர் என்பது ஷெட்டில் வைத்த பெயர். கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் இயற்பியல் படித்துவிட்டுப் பாதியில் நின்றவன். யாருக்காவது எடைக் கணக்குத் தப்பினால் "புரொபசரைக் கேளு" என்பார்கள். கிண்டலுக்கு வைத்ததுதான். கேட்டுக் கேட்டு அவனே அதை நம்ப ஆரம்பித்திருந்தான். வினை அங்கேதான் பிடித்தது.

இருந்தது ஒரே இடம். கூரைக்கடியில் ஓடும் புது கிரேனை ஓட்டுகிற ஆள். பகல் ஷிப்டு மட்டும். கேபினுக்குள் நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. புரொபசரின் ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரைந்தபோது அம்மாவை நின்றபடியும், தன்னைக் குதித்தபடியும், அப்பாவைப் படுத்தபடியும் வரைந்திருந்தாள். ஆசிரியை கூப்பிட்டு, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாளாம். அந்த நாற்காலி அவனுக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் வேண்டும். அவன் டப்பா. புரொபசருடைய மனைவியின் தம்பி. வாய் மூடாமல் லொடலொடவென்று பேசுவதால் அந்தப் பெயர். ஆறு மாசத்துக்கு முன்னால் சுருள் ஒன்றை நெம்பும்போது இடுப்பில் இரண்டு தட்டு விலகிவிட்டது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி இரக்கப்பட்டுத் தந்த லேசான வேலை அடுத்த மாசத்தோடு முடிகிறது. கிரேன் கிடைக்காவிட்டால் அப்புறம் கேட்டுக்கு வெளியேதான்.

"யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே" என்று சொல்லிவிட்டாள் மனைவி. சொல்லுகிறவளுக்கு இரண்டு பக்கமும் சொந்தம். அவளுக்கு அது சுலபம்.

"மாமா, தூங்கிடாதீங்க. குறட்டைக்கு மார்க்கைக் குறைச்சுடப் போறாங்க."

"உன் வாய்க்குக் குறைக்கலன்னா என் குறட்டைக்கும் குறைக்க மாட்டாங்க."

"நீங்க படிச்சவரு. தூங்கிக்கிட்டே நடந்தாலும் பாஸ். என் பாடுதான். கிராப்னு சொன்னாலே எனக்கு ஆஸ்பத்திரியில இதயம் பாக்கற மெஷின்தான் ஞாபகம் வருது. கோடு படுத்துடுச்சுன்னா ஆள் காலி."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு பயிற்சி அதிகாரி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். முன்னே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். எல்லாரும் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வாத்தியாரம்மா என்பார்கள்.

"ஒரு தடவைதான் சொல்வேன். உள்ள போய்ட்டு வர்றவங்க, வெளிய காத்திருக்கறவங்ககிட்ட கேள்வி என்ன, விடை என்னன்னு வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா, சொன்னவரும் அவுட், கேட்டவரும் அவுட். மார்க் சமமா வந்தா வயசு கம்மியானவருக்கு. நோட்டீஸ்லயே இருக்கு."

நோட்டீஸில் இருந்ததை புரொபசர் முன்பே நாலு தடவை படித்திருந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு, டப்பாவுக்கு இருபத்தாறு. இரண்டு பேரும் சரியாகச் செய்தால் நாற்காலி டப்பாவுக்கு. தான் சரியாகச் செய்வது மட்டும் போதாது. டப்பா தப்பாகச் செய்ய வேண்டும். இந்தக் கணக்கை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே கூடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

நீளமான அறை. தரையில் வெள்ளை டேப் ஒட்டி மீட்டர் மீட்டராகக் கோடு கிழித்திருந்தார்கள். ஒரு முனையில் மேஜை. மேஜைமேல் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சென்சார், ஓயாமல் டிக்டிக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே நிற்கிற ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அது பார்க்கும். பார்த்ததைப் பக்கத்திலிருந்த ஸ்கிரீனில் கோடாகப் போடும். ஸ்கிரீன் அதிகாரியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நடக்கிறவனுக்குத் தெரியாது.

"பேப்பர்ல ஒரு கிராப் இருக்கும். நீங்க நடந்தா அதே கோடு இங்க வரணும். ரெண்டு நிமிஷம் பாருங்க. என்ன செய்யப்போறீங்கன்னு கீழ ரெண்டு வரி எழுதுங்க. அப்புறம் நடங்க."

முதல் பேப்பர் தூரத்துக்கும் நேரத்துக்குமானது. கோடு மூன்று விநாடி ஏறியது, நாலு விநாடி படுத்திருந்தது, மூன்று விநாடி இறங்கியது. புரொபசருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மூன்று மீட்டர் விலகிப் போனான், நின்றான், திரும்பி வந்தான். அதிகாரி தலையை ஆட்டினாள்.

இரண்டாவது பேப்பரை நீட்டினாள். அதே உருவம். ஏற்றம், மேடு, இறக்கம். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் ஏதோ மாறியிருந்த மாதிரி பட்டது. எரிகிற கண்ணைத் தேய்த்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிட்டான். ஒரே கேள்வியை இரண்டு தடவை கொடுத்து மனிதன் குழம்புகிறானா என்று பார்க்கிறாள் வாத்தியாரம்மா, நம்மிடமா என்று நினைத்தான். இருபது விநாடிகூட ஆகவில்லை. 'முன்னால் போவேன், நிற்பேன், திரும்பி வருவேன்' என்று எழுதிக் கொடுத்தான். போனான். நின்றான். திரும்பி வந்தான். அதிகாரியின் பென்சில் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

"சரி. போகலாம்."

சரி என்ற சொல்லை அவன் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்து நேரே கழிப்பறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்தான். நாற்காலியில் பாதி உட்கார்ந்தாகிவிட்டது. மீதிப் பாதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.

"மாமா. ஒரே ஒரு வார்த்தை."

"வெளிய போடா. மாட்டினா ரெண்டு பேரும் காலி."

"பத்தாம் நம்பர் உள்ள போயாச்சு. அடுத்து நான். பயமா இருக்கு மாமா." குழாயைப் பிடித்துக்கொண்டான். "கோடு ஏறும், இறங்கும்னு நோட்டீஸ்ல இருந்ததே. அதுக்கு என்ன பண்றது? நீங்க சொன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு செய்வேன்."

கண்ணை மூடிக்கொண்டு செய்வானாம். புரொபசர் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது, இன்னொரு கை இடுப்பைப் பிடித்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருக்கலாம். அதுதான் விதி. ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் இவன் தானாகவே சரியாகச் செய்துவிடக்கூடும். கோடு ஏறினால் போக வேண்டும், இறங்கினால் வர வேண்டும், இது குழந்தைக்கும் தோன்றும்.

"முதல் பேப்பர் சுலபம், நீயே செஞ்சுடுவ" என்றான் குரலைத் தாழ்த்தி. "ரெண்டாவதுலதான் பொறி. பாக்க ஒரே மாதிரி இருக்கும். ஏமாந்துடாதே. கோடு ஏறும்போது மெதுவா ஆரம்பிச்சு வேகத்தைக் கூட்டிக்கிட்டே போ. கோடு படுத்திருக்கும்போது நிக்காதே, அதே வேகத்துல நடந்துக்கிட்டே இரு. இறங்கும்போது திரும்பி வராதே. அப்படியே வேகத்தைக் குறைச்சு, போன இடத்துலயே நின்னுடு."

தான் செய்ததை எடுத்து, ஒவ்வொரு துண்டாகத் தலைகீழாக்கிக் கொடுத்திருந்தான். நாக்கு தடுமாறவே இல்லை. அதுதான் பின்னால் அவனை ரொம்ப நாள் உறுத்தியது.

"திரும்பி வரவே கூடாதா?"

"கூடவே கூடாது."

டப்பா அவன் தோளைப் பிடித்து அழுத்தினான். "நீங்க இல்லன்னா நான் எங்க மாமா?" என்றான். போய்விட்டான். புரொபசர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கை காய்ந்தது. துடைப்பதை நிறுத்தச் சற்று நேரம் பிடித்தது.

அரை மணி கழிந்தது. கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தான், கூப்பிட்டார்கள். அறைக்குள் ஷெட் மேலாளரும் இருந்தார். கிளி மூக்கு, கஞ்சி போட்ட சட்டை. டப்பா ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது. தோற்றுவிட்டான் என்று புரொபசர் நினைத்துக்கொண்டான். அதில் வந்தது சந்தோஷம்தானா என்று அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

அதிகாரி ஸ்கிரீனைத் திருப்பினாள். அதில் இரண்டு கோடுகள். மேலே இருந்தது, பேப்பரில் பார்த்த அதே ஏற்றம், மேடு, இறக்கம். கீழே இருந்ததில் முதலில் ஒரு திட்டு, நடுவில் ஒன்றுமில்லை, கடைசியில் ஒரு பள்ளம்.

"பதினொரு பேர்ல ரெண்டாவது பேப்பரைச் சரியா நடந்தது ஒருத்தர்தான். மேல இருக்கற கோடு, பதினொண்ணாம் நம்பர்."

புரொபசர் மேல் கோட்டையே பார்த்தான்.

"கீழ இருக்கறது நீங்க நடந்தது."

"எப்படி?" என்றான்.

"ரெண்டாவது பேப்பர்ல இருந்தது தூரம் இல்ல, வேகம். கோடு மேல படுத்திருந்தா ஒரே வேகத்துல போய்க்கிட்டிருக்கார்னு அர்த்தம், நிக்கறார்னு இல்ல. இறங்கினா வேகம் குறையுதுன்னு அர்த்தம், திரும்பி வர்றார்னு இல்ல. புது கிரேன் கேபின்ல இந்த ஸ்கிரீன்தான் இருக்கு. போன வருஷம் இதே மாதிரி இன்னொரு கிரேன்ல மேல உக்காந்திருந்தவர் கோடு இறங்கறதைப் பாத்துட்டு, சுருள் தன்னால பின்னாடி வருதுன்னு நெனச்சு லீவரை முன்னாடி தள்ளினார். கீழ நின்ன ஆளோட பாதம் போச்சு. அதனாலதான் இந்தத் தேர்வையே வெச்சேன்."

மேலாளர் கனைத்தார். "அதெல்லாம் இருக்கட்டும். விஷயத்துக்கு வாங்க. எப்படிய்யா கண்டுபிடிச்சேன்னு இவனைக் கேட்டா, 'எங்க மாமாதான் சொன்னாரு'ங்கறான். வாயா அது, ஓட்டை வாளி."

டப்பா தலையைக் குனிந்துகொண்டான். "பெருமையில சொல்லிட்டேன் சார்."

"மாமாவுக்கு விடை தெரிஞ்சிருக்கு. மச்சினனுக்குச் சொல்லியிருக்கார். தான் மட்டும் வேணும்னே தப்பா நடந்திருக்கார். சமமா வந்தாலே சின்னவனுக்குத்தான் போகும், இருந்தாலும் சந்தேகம் இல்லாம இருக்கட்டும்னு விட்டுக்கொடுத்துட்டார். குடும்பக் கூட்டணி! கம்பெனி என்ன, உங்க கல்யாண வீடா? ரெண்டு பேர் பேரையும் லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுங்க மேடம். அடுத்த மார்க் யாரோ அவனைப் போடுங்க."

"சார், என்னை எடுத்துடுங்க" என்றான் டப்பா. நாற்காலியை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது போலிருக்கிறது, முகம் கோணியது. "மாமா பேர்ல மட்டும் எதுவும் எழுதிடாதீங்க. எனக்காகத் தன் வேலையையே விட்டுக்கொடுத்திருக்காரு. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேனேன்னு..." அவனுக்குக் குரல் உடைந்தது.

புரொபசர் கணக்குப் போட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் அந்த நாற்காலி இல்லை. ஆனால் வீட்டில் அவன் தியாகி. மனைவி சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். நல்லவன் என்ற பட்டம் ஓசியில் வந்து மடியில் விழுந்திருக்கிறது. தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை. டப்பா கேட்டுக்கு வெளியே போவான். போகும்போதும் மாமா புகழ் பாடிக்கொண்டே போவான்.

அந்தக் கடைசி விஷயம்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை. பாசம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அது இரண்டாவது பொய்.

"நான் விட்டுக்கொடுக்கல" என்றான்.

மூவரும் திரும்பினார்கள்.

"இவன் தோக்கணும்னுதான் சொன்னேன். நான் நடந்ததுதான் சரின்னு நெனச்சேன். அதை அப்படியே தலைகீழா மாத்திச் சொல்லிக் கொடுத்தேன்."

டப்பா சிரித்துவிட்டான். "மாமா, போதும். என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் கதை கட்டாதீங்க. மேடம், இவரு பொய் சொல்றாரு. இவருக்கா தெரியாது? இவரு புரொபசர் மேடம்."

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் மேலாளர். "ஒருத்தன் வேணும்னே பொய் சொன்னானாம், அது போய் உண்மையாயிடுச்சாம்."

நல்லவனாக இருப்பது எவ்வளவு சுலபம், கெட்டவன் என்று நம்பவைப்பது எவ்வளவு பாடு என்று புரொபசருக்கு அப்போது தெரிந்தது. வியர்த்தது. "மேடம், நெஜம்தான்" என்றான்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய இரண்டாவது பேப்பரை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தக் கோடு எந்த எண் வரைக்கும் ஏறிச்சு? யோசிக்காம சொல்லுங்க."

"மூணு. மூணு மீட்டர்."

"பக்கத்துல என்ன எழுதியிருந்தது?"

அவன் கவிழ்ந்து கிடந்த பேப்பரைப் பார்த்தான். ஓரத்தில் ஏதோ எழுத்து இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

பேப்பரைப் புரட்டினாள். உச்சியில் 0.6 என்று இருந்தது. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் வேகம் என்று இருந்தது. விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று அடியிலும் போட்டிருந்தது.

"மூணுங்கறது முதல் பேப்பரோட எண். அதை ஞாபகம் வெச்சு ரெண்டாவதையும் நடந்திருக்கார்" என்றாள் மேலாளரிடம். "வேணும்னே தப்பு பண்றவன்கூட ஓரத்து அச்சுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுத்தான் பண்ணுவான். இவர் பாக்கவே இல்ல. விடை தெரியாதவர் விடையை எப்படி சார் சொல்லிக்கொடுப்பார்?"

டப்பாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. உள்ளேயிருந்ததையெல்லாம் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட வீட்டின் வெளிக்கதவு மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது மூடியது.

"அப்படியே இருந்தாலும் இவன் தானா செய்யல" என்றார் மேலாளர் விடாமல்.

"அது நியாயம். இன்னொரு பேப்பர் தர்றேன். இங்கேயே, நம்ம முன்னாடியே நடக்கட்டும். தப்பினா நீங்க சொன்ன மாதிரி ரெண்டு பேரும் அவுட்."

மூன்றாவது பேப்பர். அதிகாரி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேஜையில் விரித்தாள். வேகக் கோடுதான். ஆரம்பமே உயரத்தில். அங்கிருந்து சரிந்து, பூஜ்யத்தில் ஓடும் நடுக்கோட்டைத் தொட்டு, அதையும் வெட்டிக்கொண்டு கீழே இறங்கியது.

டப்பா குனிந்து பார்த்தான். பழக்க தோஷம், தலை பாதி புரொபசர் பக்கம் திரும்பியது. பாதியில் நின்றது. மறுபடி பேப்பருக்கே போனது. புரொபசர் தரையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரிந்தால்கூட இப்போது அவன் சொல்ல முடியாது. தெரியவும் இல்லை. தலைக்குள் பதினொரு வருஷத்துத் தூக்கம் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது.

டப்பா விரலை ஓரத்தில் வைத்தான். முதலில் எழுத்தைப் படித்தான். பிறகு எண்ணைப் படித்தான். விரல் கோட்டோடு நகர்ந்தது.

"கொறையுது... கொறையுது..." வாய்க்குள் முணுமுணுத்தான். விரல் நடுக்கோட்டுக்கு வந்தது. "இங்க நின்னாச்சு." நடுக்கோட்டுக்குக் கீழே விரல் தயங்கியது. சென்சார் டிக்டிக்கென்றது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் ஒன்றரை போய்விட்டது.

"நிக்கறதுக்கும் கீழன்னா..." என்றான் டப்பா. "நிக்கறதைவிடக் கம்மியா எப்படிப் போக முடியும்? போனா பின்னாடிதான் போகணும்."

பென்சிலை எடுத்து இரண்டு வரி கிறுக்கினான். டேப்பில் போய் நின்றான். கொஞ்சம் முன்பே நடக்க ஆரம்பித்து, கோடு தொடங்குவதற்கான பச்சை விளக்கு சென்சாரில் எரியும்போது வேகமாகப் போய்க்கொண்டிருந்தான். வேகம் குறைந்தது. நாலாவது மீட்டர் கோட்டுக்கருகே ஒரு கணம் நின்றான். பிறகு மேஜையைப் பார்த்து, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் திரும்பி வந்தான். இடுப்பு வலியில் பல்லைக் கடித்திருந்தான். நடை தடுமாறவில்லை.

அதிகாரி ஸ்கிரீனைப் பார்த்தாள். பிறகு மேலாளர் பக்கம் திருப்பினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த ம்தான் நாற்காலி.

"பதினொண்ணாம் நம்பர், கேட்ட தப்புக்கு இந்த மறுதேர்வே போதும், நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க. ஒன்பதாம் நம்பர், நீங்க விடையைச் சொல்லல. ஆனா வாயைத் திறந்தீங்க. ரெண்டு வருஷத்துக்கு எந்தத் தேர்வுக்கும் நீங்க வரக் கூடாது. எழுத்துல வரும்."

"சரிங்க மேடம்."

இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. கேட் வரைக்கும் நீண்ட சிமென்ட் பாதை. பக்கத்தில் நடந்தவன் டப்பா, ஆனால் சத்தமே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பேசாமல் நூறடி நடந்து புரொபசர் பார்த்ததில்லை. ஏதாவது திட்டுவான் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு மாப்ளே?"

டப்பா கேட்டைப் பார்த்தபடியே நடந்தான்.

கேட்டுக்குப் பத்தடி முன்னால் டப்பாவின் போன் அடித்தது. எடுத்தான்.

"சொல்லுக்கா... ஆமா, கிடைச்சிருச்சு... எனக்குத்தான்... அழாதே, எதுக்கு அழற?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் குரல் புரொபசர் நிற்கிற இடம்வரைக்கும் கேட்டது. மாமாவுக்கு வருத்தமா, அவர்தான் சொல்லிக்கொடுத்தாரா, அவர் அப்படித்தான்டா, வெளியே காட்டிக்க மாட்டார்.

டப்பா போனைக் காதிலிருந்து எடுத்தான். அதைப் பார்த்தான், புரொபசரைப் பார்த்தான்.

"என்ன நடந்ததுன்னு கேக்கறா" என்றான். "என்னால அவகிட்டச் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க."

போனை அவன் கையில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான்.

"என்னங்க?" என்றது போன். "என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றான் புரொபசர். "நான் சொல்றதை முழுசாக் கேளு. நடுவுல எனக்காகப் பரிஞ்சு பேசாதே."